வட்டக் கப்பா, தட்டைக் கப்பா? ராக் எண்ட் கழற்றும் டூலைத் தேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய கார். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், ஏறக்குறைய 1,10,000 கி.மீ. ஓட்டம். மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்ற தட்டல், நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கில் லேசான அலைச்சல். பட்டறைக்கு அன்றாடம் வரும் புகார்தான். ஆனால் இந்த ஒரே வண்டியின் இரண்டு பக்கத்து ராக் எண்டுகளும் இரண்டு வேறு டூல்களைக் கேட்டன. ‘இந்த மாடல் காருக்கு எந்த டூல்?’ என்று தேடுபவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வண்டி கிடைப்பது அரிது.

பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வோம். சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளில் பிடித்திருப்பது டை ராட் எண்ட், அதாவது வெளி மூட்டு. ரப்பர் பூட்டுக்குள் (boot, மடிப்பு உறை) மறைந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடம் வலமாக நகரும் ராக் தண்டின் நுனியில் மரையோடு முறுக்கப்பட்டிருப்பது உள் டை ராட். பல பட்டறைகளில் இதைத்தான் ராக் எண்ட் என்கிறார்கள். அதன் பந்து உட்கார்ந்திருக்கும் உருளை வடிவத் தலையை இந்தக் கட்டுரையில் கப் என்று அழைப்போம். டூல் பிடிக்க வேண்டிய இடம் இந்தக் கப் மட்டுமே.

ஆட்டம் எங்கே என்று பார்த்தது

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பின், சக்கரத்தை கடிகாரத்தின் 9, 3 எண்கள் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டியபோது தட்டல் கேட்டது. 12, 6 இடங்களில் ஆட்டியபோது கேட்கவில்லை. எனவே லோயர் பால் ஜாயின்ட், வீல் பேரிங் இரண்டும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கின. ஒருவர் சக்கரத்தை ஆட்ட, இன்னொருவர் பூட்டை விரல்களால் அழுத்தி உள்ளே இருக்கும் கப்பைப் பிடித்துப் பார்த்தார். பினியன், அதாவது ராக்கின் பற்களோடு கோத்து அதை நகர்த்தும் சிறு பல்சக்கரம், இருக்கும் பக்கத்தில் டை ராட் தண்டு கப்புக்குள் குதிப்பது விரலுக்கே தெரிந்தது. எதிர்ப்பக்கத்திலும் ஆட்டம் இருந்தது, ஆனால் குறைவு.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரலாம். ராக்கின் நுனியைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரித் தட்டும். வேறுபாடு எளிது: புஷ் தேய்ந்திருந்தால் கப்பும் தண்டும் சேர்ந்து மேலும் கீழுமாக ஆடும், மூட்டு தேய்ந்திருந்தால் கப் அசையாது, தண்டு மட்டும் ஆடும். இங்கே கப் அசையவில்லை.

பூட்டைக் கழற்றியதும் தெரிந்தவை

டூல் எதையும் கையில் எடுக்கும் முன் இரண்டு பூட்டுகளும் கழற்றப்பட்டன. இதுவே சரியான வரிசை. பூட்டைத் திறக்காமல் டூல் வாங்கப் போவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போன்றது.

எதிர்ப்பக்கத்தில் இருந்தது வண்டியோடு வந்த பழைய பாகம். கப்பில் எதிரெதிராக இரண்டு தட்டைகள் வெட்டப்பட்டிருந்தன. கப்புக்கும் ராக்குக்கும் நடுவே நகங்கள் கொண்ட லாக் வாஷர். அதன் விளிம்பு தட்டைகளின் மேல் மடித்து அடிக்கப்பட்டிருந்தது. தட்டைக்குத் தட்டை வெர்னியர் காட்டிய அளவு 33.4 மி.மீ.

பினியன் பக்கம் முழுக்க வேறு கதை. எப்போதோ மாற்றப்பட்ட பாகம் அது. கப் சுத்தமான வட்டம். தட்டை இல்லை, அறுகோணமும் இல்லை. விட்டம் 38 மி.மீ. லாக் வாஷர் இல்லை. மரை ஓரத்தில் காய்ந்து கெட்டியான சிவப்பு மரைப்பசை (மரை இளகாமல் பூட்டும் பசை) வழிந்து நின்றது. கப்பின் மேல் பைப் ரெஞ்சின் பல் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. ராக்கின் மேலும் இரண்டு கீறல்கள். பூட்டின் பெரிய வாய் கிளாம்ப் இல்லாமல் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் கட்டப்பட்டு, அது தளர்ந்து போயிருந்தது. உள்ளே சேற்றுநீர் காய்ந்த தடம். புதிதாகப் போட்ட மூட்டு பழையதைவிட முதலில் தேய்ந்ததற்குக் காரணம் இதுதான். பந்துமூட்டுக்குள் நீரும் மணலும் புகுந்துவிட்டால் எந்தக் கிரீஸும் காப்பாற்றாது.

அந்தக் கீறல்கள் விழுந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ராலிக் ராக்கில் எண்ணெய் சிலிண்டர் பினியனுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்து நுனி சீல், ராக்கின் வழவழப்பான பரப்பின் மேல்தான் உரசி ஓடுகிறது. இதே கீறல் அங்கே விழுந்திருந்தால் சில வாரங்களில் சீல் கிழிந்து, பூட்டுக்குள் ஸ்டீயரிங் எண்ணெய் தேங்கியிருக்கும். ராக்கையே மாற்ற வேண்டி வந்திருக்கும். பினியன் பக்கத்தில் விழுந்ததால் நுண்ணிய எண்ணெய்க் கல்லால் முனை மழுங்கத் தேய்த்ததோடு முடிந்தது.

டூலைத் தீர்மானிப்பவை

உள் டை ராட் டூல்கள் அடிப்படையில் மூன்று வகை.

முதல் வகை சாதாரண வாய் ஸ்பேனர். கப்பில் அறுகோணம் இருந்து, ஸ்பேனர் வீசக் குறைந்தது 30 டிகிரி இடமும் இருந்தால் இதைவிட நல்ல டூல் கிடையாது. 15 டிகிரி சாய்ந்த தலை கொண்ட ஸ்பேனரை ஒவ்வொரு முறையும் புரட்டிப் போட்டால் அந்த 30 டிகிரிக்குள்ளேயே முழுதும் கழற்றிவிடலாம்; எதிரெதிராக இரண்டு தட்டை மட்டும் என்றால் இன்னும் அதிக வீச்சு வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்த இடம் கிடைக்காது. ராக் சப்ஃபிரேமுக்கும் (முன்பக்க அடிச்சட்டம்) உடல் தகட்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும்.

இரண்டாவது வகை குழாயும் தகடும் கொண்ட செட். 30 முதல் 40 செ.மீ. வரை நீளமான குழாய். ஒரு முனையில் அரை அங்குல சதுரத் துளை, மறு முனையில் மாற்றிப் போடக்கூடிய வாய்த் தகடுகள். தகட்டைத் தண்டின் பக்கவாட்டிலிருந்து நுழைத்துக் கப்பின் தட்டையில் பொருத்த வேண்டும். பிறகு குழாயைத் தண்டின் மேல் வழுக்கிக் கொண்டுபோய்த் தகட்டைக் கவ்வ வைக்க வேண்டும். விசை ராக்கின் அச்சிலேயே போவதால் பக்கவாட்டில் வளைக்காது. இதுதான் இதன் பெரிய பலம். தகடுகளில் அங்குல அளவும் மி.மீ. அளவும் கலந்திருக்கும். 1 5/16 அங்குலத் தகடு 33.3 மி.மீ.; அதன் அருகிலேயே 33.6 மி.மீ. தகடும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அளந்து எடுக்காதவர் அங்குலத் தகட்டைச் சுத்தியலால் தட்டி நுழைக்கப் பார்ப்பார், அல்லது 33.6-ஐயும் தாண்டிய பெரிய தகட்டைப் போட்டுத் தட்டையின் முனையை மழுக்குவார்.

மூன்றாவது வகை உருளைப்பிடி டூல். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் குழாய்தான். ஆனால் வாய்க்குள் மையம் விலகிய கேமோ உருளைகளோ இருக்கும். திருகத் திருக அவை கப்பை இறுக்கிக் கவ்வும். 30–35, 35–40, 40–45 மி.மீ. என்று வீச்சு வீச்சாக வருகின்றன. வட்டக் கப்புக்கு இதுவே வழி. தட்டை உள்ள கப்பையும் சில உருளைப்பிடிகள் பிடிக்கும், ஆனால் உருளை தட்டையின் ஓரத்தில் விழுந்தால் நழுவிவிடும். ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்று இதை மட்டும் வாங்கி வைப்பது அவ்வளவு நல்ல யோசனை அல்ல.

எந்த வகை என்பதைக் கப்பின் வடிவம் முடிவு செய்கிறது, எந்த அளவு என்பதை வெர்னியர். குழாய் முழுதாக உட்காருமா என்பதைத் தண்டின் நீளம் சொல்லும். கழற்றும் முன் என்ன செய்ய வேண்டும் என்பது பூட்டியிருக்கும் முறையைப் பொறுத்தது. மடித்த லாக் வாஷர், ராக்கின் பள்ளத்துக்குள் குத்தி அடித்த கப் விளிம்பு, குறுக்கே அடித்த பின், வெறும் மரைப்பசை என்று அது பல விதம். பின் போட்ட கப்பை அப்படியே திருகினால் பின் உடைந்து மரையைக் கிழித்துக்கொண்டே வரும். அதை முதலில் உருவியோ, ஆழம் கட்டுப்படுத்தித் துளையிட்டோ எடுத்தாக வேண்டும்.

ராக்கைப் பிடிக்காமல் திருகக் கூடாது

டூலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பாதி இது. ராக் எண்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கில் திருகும்போது, அதே முறுக்கு ராக் தண்டையும் சுழற்றப் பார்க்கிறது. தண்டு சுழலாமல் தடுப்பது பினியனோடு கோத்திருக்கும் சில பற்களின் ஓரங்களும், பின்னாலிருந்து அழுத்தும் ஸ்பிரிங் தாங்கியும் மட்டுமே. ராக் தண்டின் ஆரம் 12 மி.மீ. என்றால் பல் ஓரத்தில் ஏறும் விசை சுமார் 8,300 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 850 கிலோ எடை. மரைப்பசை போட்ட கப் 100-க்கு மேலும் கேட்கும். பல் உடனே உடையாவிட்டாலும் நசுங்கும். பிறகு பினியன் அந்தப் பற்களைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சிக்கல் தட்டுப்படும்.

ஸ்டீயரிங் லாக்கைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. லாக் ராக்கை இடம் வலமாக நகராமல்தான் தடுக்கும், சுழலாமல் தடுக்காது.

பிடிக்க வேண்டிய இடம் ராக்கின் பல் வெட்டிய பகுதி. அங்கே தண்டின் குறுக்குவெட்டு ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் அகல வாய் கொண்ட சரிப்படுத்தும் ஸ்பேனர் நன்றாகப் பிடிக்கும். இந்த வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பி, பல் பகுதி பினியன் பக்கம் சில செ.மீ. வெளியே தெரியும்படி நிறுத்தினார்கள். ஸ்பேனரின் வாய்க்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தகடு வைத்து, கைப்பிடியைச் சப்ஃபிரேமில் முட்டக் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்து ராக் எண்டைக் கழற்றும்போதும் பிடித்தது இதே பல் பகுதியைத்தான். அந்தப் பக்கத்து வழவழப்பான பரப்பில் ஸ்பேனர் படவே கூடாது. இதற்காகத்தான் எதிர்ப்பக்கம் மட்டும் மாற்றினாலும் இரண்டு பூட்டையும் திறக்க வேண்டி வருகிறது.

பல் பகுதி வெளியே வராத ராக்குகளும் உண்டு. இரண்டு ராக் எண்டுகளையும் மாற்றப் போகிறோம் என்றால், ஒன்றை ஒரு டூலால் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருகலாம். எது முதலில் இளகும் என்பது நம் கையில் இல்லை. இளகாமல் நின்றதைக் கழற்ற மறுபடி பிடிமானம் தேட வேண்டியிருக்கும்.

பினியன் பக்கம்: மூன்று முயற்சிகள்

வெளி மூட்டை நக்கிளிலிருந்து விடுவித்து, லாக் நட்டை இளக்கி, டை ராட் எண்டை எண்ணிக்கொண்டே கழற்றியதில் 19 அரைச் சுற்று வந்தது. லாக் நட்டையும் முழுதாக எடுத்தாயிற்று. அது தண்டில் இருந்தால் குழாய் உள்ளே போகாது. எண்ணிக்கையோடு நில்லாமல், கப்பின் முகத்திலிருந்து தண்டின் நுனி வரையும் அளந்து குறிக்கப்பட்டது. புதிய பாகம் சற்று நீளமாக வந்தால் சுற்று எண்ணிக்கை ஏமாற்றிவிடும்.

முதலில் கைக்கு எட்டிய தகடு செட்டை முயன்றார்கள். வட்டக் கப்பில் தகடு பிடிக்க ஓரமே இல்லை. குழாய் சும்மா சுற்றியது. இது எதிர்பார்த்ததுதான், ஒரு நிமிடத்தில் விட்டாயிற்று.

பைப் ரெஞ்ச் அருகிலேயே இருந்தது. முன்பு இதை மாட்டியவர் அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார் என்பதும் தெரியும். ஆனாலும் அது வேண்டாம் என்று முடிவானது. அதன் விசை அச்சில் போகாமல் பக்கவாட்டில் ராக்கை வளைக்கும், அதுவும் ராக் வெளியே நீண்டிருக்கும் நிலையில். கப்பின் சுவர் மெல்லியது. நசுங்கினால் உள்ளிருக்கும் பந்தை இறுக்கும், வெளி வட்டம் முட்டை வடிவாகும், பிறகு உருளைப்பிடியும் பிடிக்காது. நழுவினால் அடி விழுவது ராக்கின் மேல்.

அடுத்து 35–40 மி.மீ. உருளைப்பிடி. அது இரண்டு காரணங்களால் முதலில் நழுவியது, இரண்டும் கவனிக்கத் தக்கவை. ஒன்று, கப்பின் மேலிருந்த கிரீஸ். உருளை உராய்வை நம்பிப் பிடிக்கும் டூல். எண்ணெய்ப் பரப்பில் அது வழுக்கத்தான் செய்யும். பைப் ரெஞ்ச் பல் தடங்களின் துருத்தலை அரத்தால் சமப்படுத்தி, பிரேக் கிளீனரால் துடைத்து உலரவிட்டார்கள். இரண்டாவது, டூலின் வாய் கப்பின் பாதியில் மட்டுமே உட்கார்ந்திருந்தது. தண்டின் நுனி குழாயின் அடியில் முட்டி நின்றதால் வாய் முழுதாக ஏறவில்லை. வெளியே நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது, ‘டூல் சரியில்லை’ என்றே தோன்றும். அளவெடுத்தாகிவிட்டது, பழைய தண்டு குப்பைக்குத்தான் போகிறது. ஆகவே மரை நுனியில் 40 மி.மீ. ரம்பத்தால் அறுக்கப்பட்டது. இரும்புத்தூள் ராக்குக்குள் போகாதபடி, அறுக்கும் முன் ராக்கின் வாயைத் துணியால் சுற்றினார்கள். இப்போது குழாய் முழுதாக ஏறியது.

மிச்சம் இருந்தது மரைப்பசை. சிவப்பு வகைப் பசை இளக 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். நெருப்பு காட்டவில்லை. மூடிய கப்புக்குள் இருக்கும் கிரீஸ் கொதித்தால் வெடித்துச் சிதறக்கூடும், அருகிலிருக்கும் புஷ்ஷும் கருகும். ராக்கை வெளியே நீட்டி, அதன் வாயில் ஈரத்துணி சுற்றி, வெப்பக் காற்றுத் துப்பாக்கியை ராக்கோடு சேரும் மரைப் பகுதியில் மட்டும், நடுநடுவே நிறுத்தி, சில நிமிடங்கள் காட்டினார்கள். பிறகு நீளமான கைப்பிடியில் ஒரே சீராக அழுத்தம் கொடுத்ததும், முறிவது போன்ற ஒரு சத்தத்தோடு இளகியது. இம்பாக்ட் கன் தொடப்படவில்லை. ஸ்பேனரால் ராக்கைப் பிடித்திருந்தாலும் அதன் அடி ஒவ்வொன்றும் பினியன் பல்லுக்குப் போய்ச் சேரும்.

எதிர்ப்பக்கம்

இங்கே வேலை சுருக்கம். லாக் வாஷரின் மடிப்பை மழுங்கிய உளியால் தட்டைகளிலிருந்து முழுதும் நிமிர்த்தினார்கள். பாதி நிமிர்த்தி விட்டால் தகடு ஏறாது. ஏறினாலும் சாய்ந்து உட்காரும். 33.6 மி.மீ. தகடு, குழாய், அரை அங்குலக் கைப்பிடி, பல் பகுதியில் பிடி ஸ்பேனர். முதல் இழுப்பிலேயே வந்தது.

மாட்டும்போது

புதிய ஜோடியில் இரண்டு கப்பிலும் தட்டை இருக்கும்படி பார்த்து எடுத்தார்கள். ராக்கின் மரையில் ஒட்டியிருந்த பசையைப் பித்தளைத் தூரிகையால் சுத்தம் செய்து, புதிய ராக் எண்டைக் கையாலேயே கடைசிவரை ஏற்றிப் பார்த்தார்கள். கையால் ஏறாத மரையை டூலால் ஏற்றக் கூடாது. லாக் வாஷர் இரண்டும் புதியவை. ஒருமுறை மடித்து நிமிர்த்திய உலோகம் மறுபடி மடிக்கும்போது விரிசல் விடும். வாஷரின் உள்நகங்கள் ராக்கின் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று பார்த்த பிறகே இறுக்கினார்கள்.

இந்த ராக்குக்குக் கையேடு சொன்ன டார்க், அதாவது இறுக்கும் முறுக்கு, 90 நியூட்டன் மீட்டர். குழாய் டூலில் டார்க் ரெஞ்சை நேராகச் சதுரத் துளையில் மாட்டுவதால் கணக்கு எதுவும் தேவையில்லை, 90 என்றே வைக்கலாம். குழாய் இல்லாமல் வாய்த் தகட்டை டார்க் ரெஞ்சின் நீள வாக்கில் மாட்டினால்தான் திருத்தம் வேண்டும். ரெஞ்சின் நீளம் 400 மி.மீ., தகடு நீட்டுவது 50 மி.மீ. என்றால் 90-ஐ 400-ஆல் பெருக்கி 450-ஆல் வகுக்க வேண்டும்; ரெஞ்சில் 80 வைத்தால் கப்பில் 90 விழும். தகட்டை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் இந்தத் திருத்தமும் தேவைப்படாது. இறுக்கும்போதும் ராக்கைப் பிடித்தே இருந்தார்கள்.

பிறகு வாஷரின் விளிம்பை இரண்டு தட்டைகளின் மேலும் மடித்து அடித்தார்கள். அடிக்கும்போது கப்பின் அடியில் ஒரு கனமான இரும்பை முட்டுக் கொடுக்காவிட்டால் அந்த அடி முழுவதும் ராக் புஷ்ஷுக்குப் போகும்.

பூட்டின் பெரிய வாய்க்கு உலோகக் கிளாம்ப், சின்ன வாய்க்கு ஸ்பிரிங் கிளிப். சின்ன வாய் உட்காரும் பள்ளத்தில் சிலிகான் கிரீஸ் தடவப்பட்டது. இல்லையென்றால் அலைன்மென்டில் தண்டைத் திருப்பும்போது பூட்டும் கூடவே முறுக்கிக்கொண்டு மடிப்பில் கிழியும். இரண்டு பூட்டையும் இணைக்கும் காற்றுக்குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்தார்கள். அது அடைத்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒரு பூட்டு உப்பும், மற்றது சுருங்கும்.

டை ராட் எண்டை 19 அரைச் சுற்றில் நிறுத்தாமல், குறித்து வைத்த நீளத்துக்கு ஏற்றபடி ஏற்றியதில் பினியன் பக்கம் ஒரு சுற்று கூடுதலாக வந்தது. தண்டின் மரை 1.5 மி.மீ. இடைவெளி, நக்கிள் கையின் நீளம் 130 மி.மீ. என்று கொண்டால் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 0.66 டிகிரி திரும்பும். அரைச் சுற்று தவறினாலே டயர் ஓரம் சீவிப் போகப் போதுமானது. ஆகவே இந்த அளவெல்லாம் அலைன்மென்ட் மேடை வரை வண்டியைப் பத்திரமாக ஓட்டிப் போவதற்கு மட்டுமே. அங்கே டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, சரிசெய்து, லாக் நட்டை இறுக்கி, பூட்டுகள் முறுக்கின்றி இருக்கின்றனவா என்று ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தார்கள். தட்டல் இல்லை.

வேலைச் சீட்டில் கடைசியாக எழுதப்பட்டவை இவை: இரு பக்கமும் தட்டைக் கப், 33.6 மி.மீ. தகடு, மடிப்பு லாக் வாஷர், மரைப்பசை இல்லை, ராக்கைப் பிடிக்கும் இடம் பினியன் பக்கத்துப் பல் பகுதி, பினியன் பக்க ராக்கில் பழைய கீறல் இரண்டு, தேய்த்துச் சமன் செய்யப்பட்டது.